கிழமை தெரிந்த தோல்

முதலில் பாசியைத்தான் சொன்னோம்.
பாம்பன் சின்னப்பாலத்தில்
எதற்கும் கடல்மேல் பழிபோடலாம்,
அது மறுத்துப் பேசாது.
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கையில்
பாரில் கை உரசியிருக்கும் என்றார்கள்.
அப்புறம் நண்டு. அப்புறம் கத்திரிக்காய்.
அப்புறம் சோப்பு மாற்றியது.
நாற்பது நாள் கருவாட்டை நிறுத்தினேன்.
சோறு இறங்கவில்லை.
அரிப்பும் இறங்காமல்
முழங்கை மடிப்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது.

சொறிந்தால் சுகம்,
சொறிந்து முடித்தால் நெருப்பு.
வட்டிக்கு வாங்கின மாதிரி அந்தச் சுகம்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு,
நாற்பத்தோராம் டோக்கன்.
டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மீன் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.
"எந்தக் கிழமை கூடுதலா இருக்கு?" என்றார்.

இதென்ன கேள்வி,
படை பஞ்சாங்கம் பார்த்தா வரும்?
சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.
"திங்கள் ராத்திரி" என்றது வாய்,
என்னைக் கேட்காமல்.

செவ்வாய் காலை ஏழரைக்கு
குழுக்கடன் வசூலுக்கு யோகேஸ் தம்பி வருவான்.
கெட்ட பையன் இல்லை, அக்கா என்றுதான் கூப்பிடுவான்.
என்னோடு பதினோரு பெண்கள், பதினோரு அட்டை.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டணும்.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று
என்னைத் தலைவியாக்கினார்கள்.
கச்சான் அடித்து யாரும் கடலில் இறங்காத வாரங்களில்
சேர்ந்து கட்டுவது என்றால்
என் தோடு,
பிறகு சிலிண்டருக்கு வைத்திருந்த காசு,
பிறகு வாய்க்குள்ளேயே ஒரு கணக்கு.
பைக் சத்தம் முக்குத் திரும்புமுன்
கழுத்தில் வந்து நிற்கும் தடிப்பு.
நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை
தோல் தண்டோரா போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

களிம்பு எழுதினார், மெல்லிசாய்ப் பூசணும்.
உப்புத் தண்ணீர் காயுமுன் நல்ல தண்ணீரில் அலசி
ஈரத்தோடேயே தேங்காயெண்ணெய்.
நகத்தை ஒட்ட வெட்டு.
அரித்தால் ஈரத்துணி, நகம் கூடாது.
"படுக்கும்போது மூச்சை மெதுவா விட்டுப் பத்து எண்ணு."
"மூச்சை அடக்கித்தானம்மா எனக்குப் பிழைப்பே."
"அடக்கச் சொல்லலையே. விடச் சொல்றேன்."
கிழமைக்கு மருந்து உண்டா என்றேன்.
அது இங்கே தருவதில்லை என்றார்.
பின்னால் நாற்பத்திரண்டாம் டோக்கன் இருமியது.

உச்சிப்புளிவரை ஒன்றும் யோசிக்கவில்லை.
நோட்டைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது
பாலத்துக்கு நடுவில்,
காற்று பஸ்ஸைத் தள்ளுகிற இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற பத்துப் பேரையும் உட்காரவைத்து
ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினேன்.
மாரிக்கண்ணு சேலையை விலக்கினாள்,
முழங்காலுக்குப் பின்னால் அவளுக்கும்.
சலேத்துக்கு உச்சியில் முடி கொட்டி
ஐந்து ரூபாய் வட்டம்.
ஒரு வருஷமாய்ப் பூ வைத்து மறைத்திருக்கிறாள்,
நாங்கள் அவளை மினுக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
பொன்னழகு எதையும் காட்டவில்லை, அழுதாள்.
அப்புறம் சண்டை.
யார் கட்டவில்லை, யாருக்காக யார் கட்டி
யாரிடம் சொல்லாமல் இருந்தாள்,
எல்லாம் மணலில் வந்து விழுந்தது.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு
நோட்டு இனி மாசத்துக்கு ஒருத்தி என்றானது.
கட்ட முடியாதவள் சனிக்கிழமையே வாய் திறக்கணும்.
கடன் ஒரு பைசா குறையவில்லை.

இந்தத் திங்கள், நோட்டு சலேத்து வீட்டில்.
நகம் வெட்டியாச்சு, எண்ணெய் தடவியாச்சு.
மூச்சை விட்டு ஏழு வரை எண்ணினேன்,
எட்டில் அரித்தது.
ஈரத்துணி. மறுபடி ஒன்று.
மடிப்பில் மட்டும் ஒரு விரல் அகலம்,
கழுத்துக்கு வரவில்லை.
ஜன்னல் வழியே பார்த்தால்
சலேத்து வீட்டில் விளக்கு அணையவில்லை.
மணி பதினொன்றரை.
எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
கதவைத் தட்டப் போனேன்.